எரிமலைத் தீவின் சூனியக்காரி

ஒலிப்பதிவுக் கூடத்தில் மணி மூன்றேகால். ஐந்து மணிக்குக் குரல் பதிந்த நாடா தொலைக்காட்சி நிலையத்தில் இருக்க வேண்டும், ஆறரைக்கு ஒளிபரப்பு. போன வாரம் சிறுவன் மாலுமி எரிமலை வாய்க்கு மேலே கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்த இடத்தில் அந்தக் கார்ட்டூன் தொடரை நிறுத்தியிருந்தார்கள். ‘அவன் பிழைப்பானா?’ என்று கேட்டு மூட்டை மூட்டையாகக் கடிதங்கள் வந்து குவிந்தன.

அந்த நேரம் பார்த்து, சூனியக்காரிக்குக் குரல் கொடுக்கும் அம்மாளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. ஒலிப்பதிவாளர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

சிறுவன் மாலுமியாகப் பேசுபவளுக்கு வயது முப்பத்தெட்டு. மைக் முன்னால் நின்றால் மட்டும் பத்து வயதுப் பையன். அவள் மூலையில் உட்கார்ந்திருந்த தன் அண்ணியைப் பார்த்தாள். அண்ணிதான் தொடருக்குத் தமிழ் வசனம் எழுதுபவர். திரையில் உதடு ஒட்டும் இடத்தில் ‘ப’வோ ‘ம’வோ விழும்படி பார்த்துப் பார்த்து எழுதியவர்.

“அண்ணி, நீங்க பேசுங்க.”

“நானா? விளையாடாதே.”

“ஒவ்வொரு வரியும் உங்களுக்கு மனப்பாடம். வேற யாரு இருக்கா இப்போ?”

வீட்டில் அண்ணி இருக்கிற இடமே தெரியாது. பன்னிரண்டு வருஷமாக இந்த நாத்தனார் வைத்ததுதான் அங்கே சட்டம். அண்ணி வாயிலிருந்து வருவது “சரிம்மா” ஒன்றுதான்.

சிவப்பு விளக்கு எரிந்தது. “என் பிடியிலிருந்து தப்ப முடியாது” என்றார் அண்ணி.

“அம்மா, அவ அவனைக் கொல்லப் போறா,” ஒலிப்பதிவாளர் கெஞ்சினார். “நீங்க சாப்பிடக் கூப்பிடற மாதிரி இருக்கு.”

இரண்டாவது முறையும் அதே கதைதான். மணி நாலு. நாத்தனாருக்குப் பொறுமை போய்விட்டது.

“அண்ணி, என்மேல உங்களுக்குக் கோபமே வந்ததில்லையா?”

அண்ணி கொஞ்சம் யோசித்தார். “வந்திருக்கு.”

“எப்போ?”

“இன்னைக்குக் காலைல. என் மேஜையை ஒழுங்குபடுத்தறேன்னு பாதி எழுதின தாளையெல்லாம் தூக்கிக் குப்பையில போட்டியே! போன மாசம் என்னைக் கேக்காமலே என் அறையை...”

“நிறுத்துங்க! அந்தக் கோபத்தை அப்படியே மைக்ல காட்டுங்க!”

படம் ஓடியது. சூனியக்காரி கத்தியை ஓங்கினாள். “என் பிடியிலிருந்து தப்ப முடியாதுடா, பொடிப்பயலே!” ஒலிமானியின் முள் துள்ளிச் சிவப்புக்கோட்டில் போய் முட்டியது. கயிறு அறுந்ததும் நாத்தனார் போட்ட அலறலில் நடிப்பு துளியும் இல்லை. ஒரே மைக்கில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு இருவரும் மோதினார்கள். மாலுமி நெருப்புக்குழம்பைத் தாண்டி, வானத்தில் பறந்துவந்த தன் படகின் நங்கூரத்தைப் பிடித்தபோது, தொண்டை கட்டிய அம்மாள்கூடக் கண்ணாடிக்குப் பின்னால் எழுந்து நின்று கை தட்டினார். கடைசிச் சிரிப்பை அண்ணி ஒரே மூச்சில் சிரித்து முடித்தார்.

நாலு இருபத்தைந்து. ஒலிப்பதிவாளர் நாடாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் பறந்தார்.

ஆறரைக்கு எல்லோரும் வரவேற்பறைத் தொலைக்காட்சி முன்னால் கூடிவிட்டார்கள். படகு மேகத்துக்குள் மறைந்ததும் ஒரே கூச்சல். உடனே தொலைபேசி அலறியது. நாத்தனார் எடுத்தாள். வீட்டிலிருந்து அவள் அண்ணன்.

“யாரது அந்தச் சூனியக்காரி, புதுசா? சின்னவ சோபா பின்னாடி ஒளிஞ்சவ இன்னும் வெளிய வரலை. எனக்கே திக்குனு ஆயிடுச்சு!”

“இங்கதான் இருக்காங்க. நீயே பேசு, அண்ணா.”

அண்ணி தொலைபேசியை வாங்கி, மூச்சை இழுத்து, அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை சிரித்தார்.

மறுமுனையில் ஏதோ கீழே விழுகிற சத்தம் கேட்டது.