நட்சத்திரம், ஏழு, பூஜ்யம்

1
இந்தக் கதை ஒரு குற்றவுணர்வில் பிறந்தது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் டுலூத் நகரம், 1998, கடும் பனிக்காலம். அதே ஊரில் எனக்குத் தெரிந்தவர் ஆர்டிஸ். அவர் மகள் கிர்ஸ்டன் ஆய்வுக் கப்பலில் ஆர்க்டிக் போயிருந்தாள். அங்கிருந்து மின்னஞ்சல் மட்டும்தான் வரும். கிளம்பும்போது அம்மாவின் கணினியில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுவிட்டு, மிச்சத்தை லைல் பார்த்துக்கொள்வார் என்று போய்விட்டாள். லைல் நான்தான். ஆறு வாரமாக ஆர்டிஸ் மகளின் ஒரு வரியைக்கூடப் படிக்கவில்லை.

(முதல் வரைவு, "மோடம் கிறீச்சிட்டது, அவர் கண்களில்..." என்று தொடங்கியது. ஐயோ, வேண்டாம்.)

2
அவர் வீட்டில் ஒரே தொலைபேசி இணைப்பு. நான் போனில் சொல்லச் சொல்ல அவர் தட்டுவார். பிறகு போனை வைத்துவிட்டு, அதே லைனில் கணினியை இணையத்தோடு சேர்க்கும் மோடத்தை டயல் செய்யவிடுவார். இணைப்பு கிடைத்ததா என்று கேட்க, இரண்டு நிமிடம்கூடப் பொறுக்காமல் நான் கூப்பிட்டுவிடுவேன். எங்கள் ஊரில் விருந்தாளி கிளம்பினாலே, வீடு போய்ச் சேர்ந்தாரா என்று கேட்காவிட்டால் மனசு ஆறாது.

ஒவ்வொரு முறையும் ஆர்டிஸே எடுப்பார். "இப்பதான் கனெக்ட் ஆச்சு லைல், பட்டுன்னு அறுந்துபோச்சு. உங்க லினக்ஸுக்கு என்னைப் பிடிக்கலை."

3
செவ்வாய்க்கிழமை எனக்கு உறைத்தது. அவரிடம் கால் வெயிட்டிங் இருந்தது. இன்னொருவர் கூப்பிட்டால் நடுவில் ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டதும் மோடம் இணைப்பை விட்டுவிடும். அறுத்தது லினக்ஸ் இல்லை, நான். டயல் செய்யும் எண்ணுக்கு முன்னால் நட்சத்திரம், ஏழு, பூஜ்யம் சேர்த்தால் அந்த அழைப்புக்குக் கால் வெயிட்டிங் நின்றுவிடும், தீர்ந்தது.

உடனே ஆர்டிஸிடம் சொல்லி—

(பொய். அடித்துவிடுகிறேன். வெள்ளிக்கிழமைதான் சொன்னேன். அதுவரை தேவையில்லாத கோப்புகளையெல்லாம் திறக்கச் சொன்னேன். என் வீட்டில் பேச ஆளில்லை. எனக்கு அவர் குரல் வேண்டியிருந்தது.)

4
வெள்ளியன்று பேச்சோடு பேச்சாக, "அவ ஒழுங்கா சாப்பிடறாளான்னுகூடத் தெரியலை" என்றார். அதற்குமேல் தாங்கவில்லை. காரணத்தையும் வைத்தியத்தையும் சொல்லிவிட்டேன். பிறகு கூப்பிட்டுப் பார்த்தேன். ஒரு மணி நேரம் எங்கேஜ்டு. சந்தோஷமாகத்தான் இருந்தது, அழுகையும் வந்தது.

மறுநாள் எனக்கு ஒரு மின்னஞ்சல்:

"லைல், ஏழு கடிதமும் படிச்சேன். கிர்ஸ்டன் நல்லா இருக்கா. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நீங்க கூப்பிடறதாலதான் அறுந்துதுன்னு உங்களுக்கு என்னைக்குத் தெரிஞ்சுது?"

5
முடிவு ஒன்று: வெள்ளிக்கிழமை என்று பதில் போடுகிறேன்.
முடிவு இரண்டு: செவ்வாய்க்கிழமை.

இரண்டையும் தட்டிப் பார்த்து அழித்துவிட்டேன். அவர் வீடு நாலே தெரு. பூட்ஸ் மாட்டியாயிற்று. ஆர்டிஸ் கதவைத் திறந்ததும் நான் சொல்லவேண்டிய கிழமையை நீங்கள் சொல்லிவிடுங்கள். எனக்குத் தைரியம் போதவில்லை.