கொசுறின் எடை

ஓர் உயிரை ஒரு நாள் வைத்திருக்க வாடகை பதினெட்டாயிரம். மூன்று உயிருக்கு ஐம்பத்து நாலாயிரம். மொத்தமாக எடுத்தாலும் தள்ளுபடி கிடையாது என்று ஆஸ்பத்திரி கவுண்டரில் இருந்த பெண் முதல் நாளே சொல்லிவிட்டாள். வெங்காய மண்டியில் தராசுக்குப் பக்கத்தில் தவழ்ந்து வளர்ந்த அந்தத் தாய்க்கு வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேரம் பேச வாய் வரவில்லை. கேட்ட விலைக்குத் தலையாட்டினாள்.

ஏழாம் மாதமே அவசரப்பட்டு வந்துவிட்ட மூன்று குழந்தைகளுக்கும் இன்னும் பெயர் வைக்கவில்லை. அவளோடு சேர்ந்து மண்டி நடத்தும் அண்ணன்தான் கண்ணாடிப் பெட்டிகளை எட்டிப் பார்த்துவிட்டு, முதல், வட்டி, கொசுறு என்று வரிசையாகக் கூப்பிட்டான். அதுவே ஒட்டிக்கொண்டது. கொசுறு பெண். அழுதால் சத்தம் வராது, வாய் மட்டும் கோணும். மூக்கில் விட்ட குழாய் வழியாக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அம்மாவின் பால் இறங்கும். நேற்று இரவுதான், பாலே போதும் என்று ட்ரிப்ஸைக் கழற்றியிருந்தார்கள்.

இருபத்து மூன்றாம் நாள் காலை எடை போட்டபோது முதலும் வட்டியும் ஏறியிருந்தார்கள். கொசுறு நேற்று தொள்ளாயிரத்து நாற்பது, இன்று தொள்ளாயிரத்து ஐந்து.

"முப்பத்தஞ்சு கிராம் இறங்கிருக்கும்மா. பால் ஒத்துக்கல போல. நிறுத்திட்டு மறுபடி ட்ரிப்ஸ் போட்டுடலாம்" என்றார் டாக்டரம்மா.

மறுபடி எங்கே குத்துவார்கள்? அந்தக் கைகால்களில் குத்துப்படாத இடமே பாக்கியில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே போனாள். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"ரெண்டு நல்லா தேறி வருதும்மா. மூணாவதுக்கு மனச கொஞ்சம் தேத்திக்க."

"பேர் வெச்சதே நீதான். வெச்ச வாயால இப்படிச் சொல்லாதண்ணே. வெங்காயத்துல கூட சின்னத நீ கீழ போட்டதில்ல."

சொல்லும்போதே அவளுக்கு மண்டி கண்ணில் வந்தது. சாக்கோடு ஒரு நாள், சாக்கில்லாமல் மறுநாள் நிறுத்துவிட்டு, சரக்கு குறைந்துவிட்டது என்று சண்டைக்கு வந்த எத்தனை பேரை அவள் சிரித்தபடி அனுப்பியிருக்கிறாள்! திரும்பி உள்ளே ஓடினாள்.

"சிஸ்டர், நேத்து ட்ரிப்ஸ் ஊசி அசையாம இருக்கக் கைல அட்டை கட்டியிருந்துச்சே, அதோடவா எடை போட்டீங்க?"

சிஸ்டர் இந்த வார்டுக்கு வந்து இரண்டு நாள்தான் ஆகிறது. "ஊசி உள்ள இருந்துச்சுக்கா, கழட்ட முடியாதே" என்றாள். பிறகு மெதுவாக, "தொப்பியும் இருந்துச்சு."

"ரெண்டையும் எடுங்க. தராசுல வைங்க."

"அம்மா, இது கடையில்ல" என்றார் டாக்டரம்மா.

"கடையா இருந்தா இந்தத் தப்பு நடந்திருக்காது டாக்டர். சாக்கு எடை கழிக்காம எங்க வீட்டுச் சின்னப் புள்ளகூட கணக்கு எழுதாது."

தட்டில் கிடந்த அட்டையும் பஞ்சும் பிளாஸ்திரியும் கம்பளித் தொப்பியும் தராசில் ஏறின. எண் கொஞ்சம் தடுமாறி முப்பத்தெட்டில் நின்றது. டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி, ஏறித்தான் இருக்கா. ஆனா இது ரொம்பக் கம்மி. ஒரு நாள் பார்ப்போம்."

"மூணு நாள் குடுங்க."

"ரெண்டு. வயிறு உப்பினா உடனே நிறுத்திடுவேன்."

"ரெண்டு. பேச்சு மாறக் கூடாது."

அடுத்த பால் இறங்கியது. எட்டு மில்லி. கொசுறு வாயைக் கோணினாள்; அது அழுகையா, திட்டா என்று தெரியவில்லை. அம்மா மண்டி நோட்டைத் தொடையில் விரித்தாள். நேற்றைய 940-ஐ அடித்து 902 என்று எழுதினாள். இன்று 905. வரவு மூன்று கிராம். வீட்டுக்குப் போக ஆயிரத்து எண்ணூறு கிராம் வேண்டும். பாக்கி 895. வழக்கமாகக் கணக்கு முடிந்ததும் அடியில் இழுக்கும் கோட்டை இழுக்காமல் பேனாவை மூடினாள்.