வராத நாலு எபிசோட்

ஃப்ளெக்ஸின் ஒரு முனை குமரவேல் கையில், மறுமுனை ரத்தினபாய் அத்தை கையில். கேட்டில் கட்டியே தீருவேன் என்று அவன், விடமாட்டேன் என்று அவள். நடுவில், கண்ணீர் அஞ்சலி என்ற எழுத்துக்குக் கீழே இரண்டு படங்கள் ஆடிக்கொண்டிருந்தன. ஒன்று, உள்ளே ஃப்ரீசர் பாக்ஸில் படுத்திருந்த ஆல்வின். இன்னொன்று, நீல முடி முள்முள்ளாக நிற்க, ராட்சதப் பட்டத்தில் தொங்கும் ஒரு கார்ட்டூன் பையன்.

"சாவு வீட்ல பொம்மைப் படமா? பாஸ்டர் வர்ற நேரம்!"

"பொம்ம இல்ல ஆன்ட்டி. ஹிதேரு. பட்டப்படை ஹீரோ. ஆல்வினுக்கு உயிரு."

"அந்த உயிர்தான் போயிடுச்சேப்பா. இனிமே இது எதுக்கு?"

கடைசியில் ஃப்ளெக்ஸ் எதிரிலிருந்த கரண்ட் கம்பத்துக்குப் போனது. கம்பம் யாருக்கும் அத்தை இல்லை.

சிட்லபாக்கத்தில் அந்தத் தெரு அன்று காலையிலிருந்து பைக்குகளை எண்ணிக்கொண்டிருந்தது. ஆல்வினுக்கு இத்தனை சிநேகிதர்களா? முப்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை, சனிக்கிழமையானால் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு எங்கோ கிளம்பிவிடுவான். எங்கே என்பதைத் தெரு அவனைக் கேட்காமலே முடிவு செய்து வைத்திருந்தது. பக்கத்து வீட்டு சரோஜினி அக்கா, பம்மலில் ஒரு விதவை என்பது வரைக்கும் கண்டுபிடித்திருந்தாள். இப்போது பம்மலிலிருந்து வந்து நிற்பதோ தாடி வைத்த குமரவேல், செல்போன் ரிப்பேர் கடைக்காரன். அக்காவுக்குத் துக்கத்தோடு ஏமாற்றமும் சேர்ந்துகொண்டது.

தெருவுக்கு இன்னொரு குறையும் இருந்தது. விடியற்காலை பெங்களூரிலிருந்து வந்திறங்கிய தங்கை சுஜி இன்னும் அழவில்லை.

சுஜி அழவில்லைதான். அவளுக்குக் கோபம். போன ஞாயிற்றுக்கிழமை போனில், "என்னண்ணா, குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டிருந்தாள்.

"வாயு. நாலு பூண்டு சுட்டுத் தின்னா போயிடும். நீ வேலையைப் பாரு."

இதயத்தில் அடைப்பு, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் அவனிடம் போன மாதமே சொல்லியிருந்தார் என்பது அவளுக்கு இன்று காலையில்தான் தெரிந்தது. ஃப்ரீசர் பாக்ஸின் கண்ணாடி மேல் குனிந்து, "பொய்யன்" என்றாள். பக்கத்திலிருந்தவர்கள் அதை ஜெபம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பட்டப்படை, ஒரு காலத்தில் டி.வி.யில் தமிழ் பேசிய ஜப்பான் கார்ட்டூன் தொடர். சனிக்கிழமைதோறும் குமரவேல் கடையில் கூடும் அதன் ரசிகர்கள், வெளியே ஷாமியானாவுக்குக் கீழே முதலில் ஒழுங்காகத்தான் இருந்தார்கள். தலையைக் குனிந்து, செல்போனை சைலன்ட்டில் போட்டு, சோகமாக. எத்தனை நேரம்தான் முடியும்? வில்லனைப் பற்றி யாரோ ஒரு வார்த்தை விட்டார்கள்.

"தமிழ் டப்பிங்ல அவன் பேசுவானே! 'இன்னாடா பட்டம், வாலு கீதேன்னு ஆடறியா?'"

குமரவேல் அதை அதே குரலில் சொல்லிக் காட்ட, பேங்க்கில் ஆபீசராக இருக்கும் தீபா சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். தோள்கள் மட்டும் குலுங்கின.

"அஞ்சரை மணிடா," என்றான் முகிலன். சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை, தலையில் பாதி வழுக்கை. "டியூஷன்ல வயித்துவலின்னு சொல்லிட்டு ஓடி வருவேன். வந்து பாத்தா, ரெண்டு பேரும் முறைச்சுக்கினே நிப்பானுங்க. அடுத்த நாளும் முறைப்பானுங்க. வெள்ளிக்கிழமைதான் முதல் அடி விழும்."

"பாதி சீன்ல மூக்கே வரைஞ்சிருக்க மாட்டாங்க."

"இப்ப வர்றதுல ஒவ்வொரு மழைத்துளியும் தனித்தனியா மின்னுது. பட்டப்படையில மழைன்னா சாய்வா நாலு கோடு. அவ்ளோதான். ஆனா நாம நனைஞ்சிடுவோம், இல்ல?"

குரல்கள் ஏறின. சரோஜினி அக்கா நாற்காலியை ஒரு முழம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள். சாவு வீட்டில் இத்தனை சுவாரஸ்யம் அவளுக்கும் கிடைத்ததில்லை.

"எல்லாம் சரி," என்று முகிலன் பெருமூச்சு விட்டான். "கடைசி நாலு எபிசோட் மட்டும் தமிழ்ல வரவே இல்ல."

பேப்பர் கப்பில் டீ கொடுத்துக்கொண்டு வந்த சுஜி நின்றாள்.

"ஏன் வரல? வந்துச்சே."

குமரவேல் எழுந்த வேகத்தில் டீ அவன் பேன்ட்டில் கொட்டியது. அவன் அதைக் கவனிக்கவே இல்லை. "இன்னாக்கா சொல்ற? நீ பாத்தியா?"

"இருபது வருஷமாத் தேடறோம் சுஜி!" தீபா அவள் கையைப் பிடித்தேவிட்டாள். "எந்தச் சேனல்? எப்போ?"

பத்துப் பேர் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். பொதுவாகச் சாவு வீட்டில் உயில் பற்றிப் பேச்சு வந்தால்தான் இப்படி வளைப்பார்கள்.

"நான் பாக்கல. அண்ணா பாத்தான்," என்றாள் சுஜி. "அவனுக்குப் பன்னெண்டாவது பப்ளிக் எக்ஸாம். அப்பா கேபிளைப் பிடுங்கிட்டாரு."

இதற்கு யாரும் விளக்கம் கேட்கவில்லை. பரீட்சை வருஷம் கேபிளைப் பிடுங்குவது அந்தப் பக்கத்து வீடுகளில் காதுகுத்து மாதிரி ஒரு சடங்கு. அப்போது சுஜிக்கு எட்டு வயது. கதை முடிய நாலே நாலு எபிசோட் பாக்கி. தரையில் புரண்டு அழுதாள். டியூஷன் முடிந்து சிநேகிதன் வீட்டில் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றான் ஆல்வின். சொன்னான். நாலு சாயங்காலம், மொட்டை மாடியில், பெட்ஷீட்டை முதுகில் கட்டிக்கொண்டு ஓடி ஓடிச் சொன்னான்.

"கடைசில இன்னா ஆவுது? அத்தச் சொல்லுக்கா!"

"நூலை அறுத்துக்கிட்டு எதிரிக் கப்பல் மேல போய் விழுவான்."

"கரெக்ட்! கரெக்ட்!"

"கப்பல் வெடிச்சிடும். அவன் கடல்ல விழுந்து, வலையில மாட்டி, கரைக்கு வந்துடுவான். பயங்கரப் பசி. ஸ்டேஷன் பக்கத்துக் கடையில உக்காந்து பரோட்டா சாப்பிடுவான். சால்னா ரெண்டாவது தடவை கேட்டதுக்கு கடைக்காரர் திட்டுவாரு. அப்புறம் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுவான். அவன் தங்கச்சி வந்து திறப்பா."

யாரும் கரெக்ட் சொல்லவில்லை.

"பரோட்டாவா?" என்றான் முகிலன்.

"ஆமா."

"ஜப்பான்லயா?"

சுஜி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். எட்டு வயதில் கேட்டது. கேட்டபடியே உள்ளே வைத்திருந்தாள். ஒரு நாளும் வெளியே எடுத்துப் பார்த்ததில்லை.

தீபா கையை விடவில்லை. "சேனல்ல பாதியிலேயே நிறுத்திட்டாங்க சுஜி. மறுவாரம் வேற ஏதோ போட்டாங்க. ஜப்பான்காரன் எடுத்ததை நாங்க அப்புறம் நெட்ல பாத்தோம். அதுல அவன் திரும்பி வரமாட்டான்."

"வரமாட்டானா?"

"தங்கச்சி கதவுகிட்டயே நிப்பா. அதோட முடியும். ஆல்வின்தான் எங்களுக்கே முதல்ல சொன்னது. நிறுத்தின வாரமே பிரௌசிங் சென்டர்ல போய் முடிவைப் படிச்சுட்டானாம்."

ஷாமியானா ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் தேவானந்தம் உட்கார்ந்திருந்தார். ஆல்வினின் அப்பா. ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். காலையிலிருந்து பேசாதவர் தொண்டையைச் செருமினார்.

"அந்த நாலு நாளும் அவன் டியூஷனுக்குப் போகல. மாடியில தனியா நடந்துகிட்டே ஏதோ முணுமுணுத்துட்டிருந்தான். என்னடான்னு கேட்டேன். கெமிஸ்ட்ரி ஃபார்முலான்னான்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கெமிஸ்ட்ரியிலதான் மார்க் குறைஞ்சுது."

சுஜி உள்ளே போனாள். பெட்டியின் கண்ணாடியில் பனி படிந்திருந்தது. கைக்குட்டையால் துடைத்துவிட்டு அண்ணன் முகத்தைப் பார்த்தாள்.

"பொய்யன்," என்றாள். இந்த முறை சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தரம் மூக்கை உறிஞ்ச வேண்டியிருந்தது.

"அப்பாடா," என்றாள் ஜன்னலுக்கு வெளியே சரோஜினி அக்கா.

பாஸ்டர் வந்தார். பாட்டு, ஜெபம், மறுபடி பாட்டு. மூன்று மணிக்கு வேன் வந்தது. கிறிஸ்தவர் வீட்டில் பெண்களும் கல்லறைக்குப் போவார்கள். பெட்டிக்கு ஒரு பக்கம் சுஜியும் ரத்தினபாய் அத்தையும் தேவானந்தமும், மறுபக்கம் உறவுக்காரர்களுக்கு முந்திக்கொண்டு ஏறிய ரசிகர்கள் மூன்று பேர். அத்தை அவர்களை முறைத்தாள். வெள்ளிக்கிழமை வரை தாங்கும் முறைப்பு.

ஜி.எஸ்.டி. ரோடு வழக்கம்போல நகரவில்லை. குமரவேல்தான் முதலில் கேட்டான்.

"அக்கா. தப்பா நெனைக்காத. அந்த நாலு எபிசோடயும் மொதல்லேர்ந்து சொல்றியா?"

"இப்பவா?"

"வேற எவனுக்கும் தெரியாதுக்கா. ஆல்வின் எங்கிட்ட கூட சொல்லல."

சுஜி பெட்டியைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் காது இந்தப் பக்கம்தான் இருந்தது.

"முதல் நாள்," என்று ஆரம்பித்தாள், "காத்தே இல்ல. ஊர்ல ஒரு இலை கூட அசையல. பட்டம் எதுவும் ஏறல. வில்லனுக்குத் தெரிஞ்சுபோச்சு..."

"இன்னாடா பட்டம்!" என்றான் குமரவேல், அவனையறியாமல். தீபா அவன் தொடையில் அடித்தாள். முகிலன் சிரித்துவிட்டான். சுஜிக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே சொன்னாள், வேகமாக, மூச்சு விடாமல். இரண்டாவது எபிசோடின் நடுவில் தண்ணீர் குடிக்க நிறுத்தினாள்.

"அப்புறம்?" என்றாள் ரத்தினபாய் அத்தை.

சிக்னலில் வேன் நின்றது. பக்கத்தில் வந்து நின்ற ஷேர் ஆட்டோவில் ஒரு பெரியவர் சவ வண்டியைப் பார்த்ததும் செருப்பிலிருந்து காலை உருவிக்கொண்டு கும்பிடக் கையெடுத்தார். கண்ணாடிக்குள்ளே, பெட்டி மேல் சாய்ந்து ஐந்து பேர் வாயைப் பிளந்துகொண்டிருந்தார்கள். வெள்ளைச் சேலை கட்டிய ஒரு பெண் இரண்டு கைகளையும் அகல விரித்து எதையோ மேலே ஏற்றிக்கொண்டிருந்தாள்.

பெரியவரின் கைகள் பாதியில் நின்றன.