செருமிவிட்டு வரும் மிருகம்

...சரி என்று ஏன் சொன்னாள், அதுதான் புரியவில்லை, நேற்று, மடித்த துணிகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டே கணவர் சொன்னார், என்னைப் புதுக் கிளைக்கு மாத்துறாங்க, வேற ஊரு, நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும், நீ இங்கேயே இரு, நான் அப்பப்ப வந்துட்டுப் போறேன்... இவளும் காதில் மாட்டியிருந்த ஹெட்போனைப் பாதி விலக்கிக்கொண்டு சரி என்றாள், கடைக்குப் பால் வாங்கப் போகிறவருக்குச் சொல்வது மாதிரி. ஒரே கூரையின்கீழ் இத்தனை வருஷம் இருந்த மனிதர் தனியாக வேறு ஊருக்குப் போகிறேன் என்கிறார், இவள் சரி என்கிறாள், சரியாம் சரி! இவளுடைய வேலையை எந்த ஊரில் உட்கார்ந்தும் செய்யலாம், ஒரு கணினி, ஒரு ஹெட்போன், சாத்திக்கொள்ள ஒரு கதவு, அவ்வளவுதானே, அது அவருக்கும் தெரியும், தெரிந்திருந்தும் நீயும் வர்றியா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே, ஏன்? மத்தியானம் தாண்டிவிட்டது, அவர் கூடத்தில்தான் இருக்கிறார், நடக்கிற சத்தம் கேட்கிறது, எழுந்து போய்க் கேட்டால் என்ன குறைந்துவிடும், கிரீடமா இறங்கிவிடும்... ஆனால் தொலைபேசியில் குழுத் தலைவன் காத்துக்கொண்டிருக்கிறான், அவனுக்கு ஒரு பதில் சொல்லிவிட்டுப் போகலாம்.

குழுத் தலைவன் இவளைவிடச் சின்னவன், இவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். அக்கா, புதுச் சத்தமெல்லாம் அட்டகாசம், ஆனா ஆளுங்க செத்துக்கிட்டே இருக்காங்க என்றான். முதலில் சிரிப்புத்தான் வந்தது. இவள் சத்தம் அமைத்துக் கொடுத்த அந்த இணைய விளையாட்டு பழசு, அதை இன்னும் விடாமல் ஆடுகிற கூட்டம் ஒன்று இருக்கிறது, அதன் சத்தங்களையெல்லாம் புதுப்பிக்க வேண்டும் என்று நிறுவனம் முடிவு செய்தபோது, பழையதைச் செய்தவளே புதியதையும் செய்யட்டும் என்று இவளிடம் கொடுத்தார்கள். போன வாரம் புதுச் சத்தங்கள் போய்ச் சேர்ந்தன, அன்றிலிருந்து ஒரே புலம்பல். விளையாட்டில் ஆளை வேட்டையாடுகிற மிருகத்தைப் பற்றிக் கிழட்டுப் பூனை என்ற பெயரில் ஆடுகிற ஒருவர் எழுதியிருந்ததைத் தலைவன் வாசித்துக் காட்டினான். பழைய மிருகம் மரியாதை தெரிஞ்ச மிருகம், வர்றதுக்கு முன்னாடி லேசாத் தொண்டையைச் செருமும், நாங்க ஓடி ஒளிஞ்சுக்குவோம், புதுசு சொல்லாம கொள்ளாம வந்து கழுத்தைக் கவ்வுது. செருமலா, நான் எங்கேப்பா செருமல் வெச்சேன், உறுமல்தானே வெச்சேன் என்றாள் இவள். எனக்கென்னக்கா தெரியும், பழைய கோப்பைத் திறந்து பாருங்க என்று வைத்துவிட்டான்.

திறந்தாள். திரையில் சத்தம் ஒரு படமாக விரிந்தது, நடுவில் உறுமல் மலை மாதிரி எழும்பி நின்றது, அதற்கு முன்னால் குட்டியாக ஒரு மேடு. ஆமாம், இந்த மேடு ஞாபகமிருக்கிறது, மிருகத்தின் எல்லாக் கோப்புகளிலும் இருந்தது, புதுப்பிக்கும்போது பதிவில் விழுந்த அழுக்கு என்று நினைத்து வரிசையாக வெட்டித் தள்ளினாள், பீன்ஸ் காம்பு கிள்ளுவது மாதிரி, கண்ணால் பார்த்து வெட்டினாளே தவிர ஒன்றைக்கூடக் காதால் கேட்கவில்லை. இப்போது கேட்டாள். க்கும். இன்னொரு தரம். க்கும்... அவர். அவரேதான். அந்த முதல் வாடகை வீட்டுச் சமையலறை, இவள் காலித் தண்ணீர் டிரம்முக்குள் தலையை விட்டு உறுமுவாள், பதிவுக் கருவியைப் பிடித்துக்கொண்டு அவர் நிற்பார், ஆரம்பி என்று வாய்விட்டுச் சொல்ல அவருக்குக் கூச்சம், அதனால் தொண்டையைச் செருமுவார், இவள் உறுமுவாள், மாடி வீட்டுக்காரர் தரையைத் தட்டுவார், பிறகு இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் பாதிப் பதிவு வீணாய்ப் போகும். அவசரத்தில் முன்பக்கத்தைச் சரியாக வெட்டாமல் அனுப்பியிருக்கிறாள், அந்த அரைகுறைச் செருமலைக் கேட்டுத்தான் முன்பின் தெரியாத அத்தனை பேர் இவ்வளவு காலமாக உயிர் பிழைத்திருக்கிறார்கள்.

எதற்கும் செருமுவார் மனிதர். கல்யாணம் பண்ணிக்கலாமா என்று கேட்பதற்கு முன், அவருடைய அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று சொல்வதற்கு முன், வேலை போய்விட்டது என்று சொன்ன அன்று மூன்று நான்கு தரம்... அந்தச் சத்தம் கேட்டதும் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பாள், வருவது எதுவானாலும் உட்கார்ந்து வாங்கிக்கொள்ள ஒரு மூச்சு நேரம் கிடைக்கும். பிறகு இந்த வாய் இருக்கிறதே, சும்மா கிடக்கிறதா? அவருடைய நண்பர்கள் சாப்பிட வந்த அன்று, அவர் ஏதோ சொல்வதற்காகச் செருமினார், இருங்க இருங்க, மைக் டெஸ்டிங் நடக்குது என்றாள், கூடம் முழுக்கச் சிரிப்பு, அவரும் சிரித்தார். நன்றாக எடுபடுகிறதே என்று நாத்தனார் வீட்டிலும் சொன்னாள், அலுவலக விருந்திலும் சொன்னாள், எல்லோரும் சிரித்தார்கள். எப்போது நின்றது அது? எந்த வருஷம்? காதை வைத்துப் பிழைக்கிறவள், ஒரு கொசு பறந்தால்கூடப் பதிவை நிறுத்துகிறவள், வீட்டுக்குள் ஒரு சத்தம் நின்றுபோனது தெரியாமல் இருந்திருக்கிறாளே, வெட்கமாக இல்லை? நேற்றுச் செய்தியும் அது இல்லாமல்தான் வந்தது, துணி, அலமாரி, வேற ஊரு, சரி.

வெட்டியதையெல்லாம் பழைய கோப்புகளிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாக ஒட்ட ஆரம்பித்தாள், க்கும், உறுமல், க்கும், உறுமல், இங்கே எவ்வளவு சுலபமாகத் திரும்ப வந்துவிடுகிறது... நிமிர்ந்தால் அறை வாசலில் அவர் நிற்கிறார், கையில் செல்போன், எப்போது வந்தார், எவ்வளவு நேரமாக நிற்கிறார்? ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினாள். இன்னும் முடியலையா வேலை என்றார். போகாதீங்க என்று சொல்ல வேண்டும், இல்லை, நானும் வர்றேன் என்று சொல்ல வேண்டும், ஏன் என்னைக் கேக்கலை என்று சட்டையைப் பிடிக்க வேண்டும், எதை முதலில்... செருமினாள். அவர் காத்திருப்பார் என்று நினைத்தாள், கையிலிருப்பதைக் கீழே வைப்பார், முகத்தைப் பார்ப்பார். தண்ணி வேணுமா, இரு கொண்டு வர்றேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சமையலறையில் குழாய் திறக்கிற சத்தம், டம்ளர் நிரம்புகிற சத்தம், போன் மணி அடிக்கிற சத்தம். குழாய் நின்றது. பிறகு அங்கிருந்து தெளிவாக, கொஞ்சமும் தேயாமல், பழைய சமையலறையில் கேட்டதே அதே மாதிரி, க்கும். சார், நான்தான் பேசறேன் என்றார். அப்படியானால் அது எங்கேயும் போகவில்லை, நிற்கவும் இல்லை, ஊருக்கெல்லாம் இருக்கிறது, அலுவலகத்துக்கு இருக்கிறது, மேலதிகாரிக்கு இருக்கிறது, இவளிடம் மட்டும்தான் அவர் அதை விழுங்கியிருக்கிறார், இத்தனை வருஷமும், ஒவ்வொரு தரமும். இன்னும் அவர் விஷயத்துக்கு வரவில்லை, போறேன் என்று சொல்லிவிடவில்லை, ஆமா சார், அதுக்குத்தான் சார் என்கிறார், செருமலுக்கும் பாய்ச்சலுக்கும் நடுவே ஓடிவிடலாம் என்றுதானே அந்தக் கிழட்டுப் பூனை எழுதியிருந்தது... இவள் சட்டென்று எழுந்தாள், கழுத்தில் கிடந்த ஹெட்போனின் வயர் மேஜையிலிருந்து இறுகி இவளைப் பின்னால் இழுத்தது.