ஒரே உறையில் இரண்டு காசு

அண்ணன் மாரடைப்பில் போய் மூன்று வாரம் கழித்து, அண்ணி ஒரு பிஸ்கட் டப்பாவோடு தம்பியின் அபூர்வ நாணயக் கடைக்கு வந்தாள். எதிர்ச் சாரியில் வெகுநேரம் நின்றிருந்தவள், கடைசி வாடிக்கையாளரும் வெளியேறிய பிறகுதான் உள்ளே நுழைந்தாள். கடைக்காரர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அண்ணன் இந்தக் கடைக்குள் கடைசியாகக் காலெடுத்து வைத்து ஏழு வருஷம். காரணம் தெருவுக்கே தெரியும். தம்பிக்காரர் மட்டும் ஒன்றும் தெரியாதவர் மாதிரி நாளை ஓட்டிக்கொண்டிருந்தார்.

அண்ணனுக்கு, எடை பார்க்கும் இயந்திரங்களில் விழுந்த காசை எடுத்து வரும் வேலை. ஒருநாள், ஆண்டு எண் இரட்டையாகத் தெரிந்த ஒரு காசைக் கைக்குள் பொத்திக்கொண்டு மூச்சிரைக்க ஓடி வந்தார். காசு அடிக்கும் அச்சிலேயே எண் இரண்டு முறை பதிந்திருந்தால் அது அபூர்வம். அச்சு சரியாக இருந்து, அடிக்கும்போது இயந்திரம் ஆடி எண்ணை இழுத்துவிட்டிருந்தால் அது வெறும் காசு. இரண்டையும் பிரித்துச் சொல்வதில்தான் கடைக்காரருக்குப் பேர். ஆனால் அன்று கடை நிறைய ஆள். விளக்கைத் திருப்பிப் பார்க்கக்கூடப் பொறுமை இல்லை. லென்ஸை இரண்டு விநாடி வைத்து எடுத்து, "மெஷின் ஆட்டம்" என்று உறையில் எழுதி நீட்டினார். அதோடு வாயை மூடியிருக்கலாம்.

"உனக்குத்தான் எல்லாமே ரெண்டா தெரியுது. முதல்ல கண்ணாடிய மாத்து."

கடையே சிரித்தது. அன்றைக்கே அண்ணனுக்கு ரெட்டைக்கண் என்று பேர் விழுந்தது. அவரும் கூடச் சிரித்துவிட்டு, உறையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். அப்புறம் எங்கே பார்த்தாலும் சாப்பிட்டியா, தூங்கினியா என்று கேட்பாரே தவிர, காசைப் பற்றி மூச்சு விடமாட்டார்.

டப்பாவுக்குள் அதே உறை இருந்தது, கடைக்காரருடைய கையெழுத்தோடு. கவிழ்த்தால் இரண்டு காசு விழுந்தது.

இந்த முறை கடைக்காரர் விளக்கை நாலா பக்கமும் திருப்பிப் பார்த்தார். இயந்திரம் ஆடியிருந்தால் எண்ணின் ஓரம் சப்பையாக மழுங்கி, எண்ணே மெலிந்திருக்கும். இதில் எண் தடித்து, முனைகள் இரண்டாகப் பிளந்து, இரண்டும் உருண்டையாக எழுந்து நின்றன. அடுத்த காசிலும் அதே எண், அதே இடத்தில், அதே பிளவு. இயந்திரத்தின் ஆட்டம் இப்படி அச்சு அசலாகத் திரும்ப வராது. இரண்டும் ஒரே அச்சுக்குப் பிறந்தவை. அண்ணன் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது.

ஆறு வருஷம், தினமும் சாயங்காலம் சமையலறை மேசையில் காசைக் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தாராம். போன வருஷம்தான் ஜோடி கிடைத்ததாம். அண்ணி குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"அப்பவே ஏன் கொண்டு வரல, அண்ணி?"

"கொண்டு வந்தாரு தம்பி. ரெண்டு தடவை வாசல் வரைக்கும் வந்தாரு. உள்ள ஆள் இருந்திருக்கு. நாலு பேர் முன்னாடி என் தம்பி தலைகுனிய வேண்டாம்னு திரும்பிட்டாரு. கடையில யாரும் இல்லாத நேரமா பாத்துக் குடுக்கலாம்னு சொல்லிட்டே இருந்தாரு."

கடைக்காரர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அண்ணி தடுக்கவில்லை.

கதவு திறந்தது. பழைய வாடிக்கையாளர் ஒருவர், அன்று சிரித்தவர்களில் முதல் ஆள், என்ன காசு என்று எட்டிப் பார்த்தார். கடைக்காரர் பேனாவை எடுத்து உறையில் தான் எழுதியதை அடித்தார்.

"எங்க அண்ணன் கொண்டு வந்தது. அவர் சொன்னதுதான் சரி. நான் சரியா பாக்கல."

கடை முழுக்கக் கேட்கும்படி உரக்கத்தான் சொன்னார். கேட்க வேண்டியவர்தான் இல்லை.