பளிச்சென்று கழுவிய வடிகட்டி

முழங்கால் அறுவை சிகிச்சைக்காக ஹௌகே, பிரேமன் நகர மருத்துவமனையில் படுத்திருந்தபோது, அவனுடைய பன்னிரண்டு மீன்களும் மனைவி வீப்கேயின் பொறுப்பில் இருந்தன. அவன் வரும்போது தொட்டி பளிச்சென்று இருக்கட்டுமே என்று, வடிகட்டியின் பஞ்சைக் குழாயடியில் வெள்ளைவெளேரென்று கழுவி மாட்டினாள். மூன்றாம் நாள் காலை மீன்களெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்து திணறின. ஒன்று செத்தே மிதந்தது.

பயந்துகொண்டே அவனுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"அடிப்பாவி, மீன் கழிவால தண்ணியில சேர்ற விஷத்தை முறிக்கிற நல்ல கிருமிங்க அந்தப் பஞ்சுலதானே இருந்துச்சு!" என்றான் ஹௌகே. பிறகு அவள் விசும்புவது கேட்டு, "சரி, அழாத. தீனி போடாத. தினமும் பாதித் தண்ணிய மாத்து. கீழ்வீட்டு யோர்னும் மீன் வளக்கிறான்ல, அவன்கிட்ட கழுவாத பஞ்சு கொஞ்சம் வாங்கி வடிகட்டிக்குள்ள வை" என்றான்.

யோர்ன் பாதிப் பஞ்சை வெட்டிக் கொடுத்தான். வீப்கே நான்கு நாள் வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தாள். ஐந்தாம் நாள் மீன்கள் கீழே இறங்கிச் செடிகளுக்குள் ஒன்றையொன்று துரத்தி விளையாடின.

"பதினொண்ணும் பொழைச்சிருச்சு!" என்று போனில் கத்தினாள்.

"பரவாயில்லையே, அதுங்க என்னை முந்திக்கிச்சுங்க! நான் இன்னும் கட்டில விட்டே இறங்கல" என்றான் ஹௌகே. வீப்கே ஈரச் சட்டையோடு தரையில் உட்கார்ந்து, வயிறு வலிக்கச் சிரித்தாள்.