கோழி வீரன் வெடி

சிவகாசி பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த காபிக் கடையில் ஞாயிற்றுக்கிழமை காலை அந்த மூன்று பேர் ஒரு பெஞ்சைப் பிடித்துவிட்டார்கள் என்றால், கடைக்காரர் அந்தப் பெஞ்சைப் பதினொரு மணி வரைக்கும் மறந்துவிட வேண்டியதுதான். மூவரும் வெடிப் பாக்கெட்டு லேபில் சேர்க்கிறவர்கள். வெடியை வாங்கி வெடிக்கிற புத்தி ஊரில் எல்லோருக்கும் உண்டு. பாக்கெட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டு, மேலே ஒட்டிய படத்தைக் கிழியாமல் உரித்து, நிழலில் உலர்த்தி நோட்டில் ஒட்டுகிற கிறுக்கு இவர்களுக்கு மட்டும். ஊறின வெடி வெடிக்காதே என்று யாராவது கேட்டால் கோபம் வேறு வரும்.

சீனிவாசகம் விருதுநகர் வத்தல் பேட்டையில் மிளகாய் ரகம் பார்த்துச் சொல்கிறவர். கையில் எடுக்காமலே எந்தக் கரிசல் காட்டு வத்தல், எத்தனை வெயில் கண்டது என்று சொல்லிவிடுவார். அதனால் தன் கண்ணுக்குத் தப்பி உலகத்தில் எதுவும் இல்லை என்று ஒரு நினைப்பு. மொக்கைச்சாமி சிவகாசியிலேயே அச்சாபீசுத் தெருவில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். பஞ்சர் ஒட்ட வருகிற மிஷின்மேன்களின் வாயைக் கிளறி, எந்தக் கம்பெனி என்ன படம் போடப்போகிறது என்று முந்திக்கொண்டு சொல்வார். மூன்றாமவர் எம். புதுப்பட்டியில் வெள்ளாமை பார்க்கும் சம்சாரி ஒச்சப்பன். அவர் பேசமாட்டார், சாப்பிடுவார். பேசாத காரணத்தாலேயே அவரை மத்தியஸ்தராக வைத்திருந்தார்கள்.

அறுபத்தோராம் வருஷம் ஆவணி மாதம் பேச்செல்லாம் விஸ்வநத்தம் அய்யாதுரை கம்பெனியைப் பற்றித்தான். தீபாவளிக்குப் ‘பறக்கும் மனிதன்’ என்று புது வெடி விடப்போகிறார்களாம். மார்க்கைப் பதிவு பண்ண மெட்ராசுக்கு எழுதிப் போட்டாயிற்றாம்.

“முதுகுல சால்வை தொங்குமாம். கால்சட்டைக்கு மேல கோவணமாம்,” என்றார் மொக்கைச்சாமி.

“மேலயா? அவனுக்கு யாரும் எடுத்துச் சொல்லலையாக்கும்?”

“வீரன்கிட்ட யாரு அண்ணாச்சி போய்ச் சொல்றது?”

மூன்று வாரம் இதே பேச்சு. நாலாவது வாரம் சீனிவாசகம் மடியிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பெஞ்சில் விரித்தார். முந்தின நாள் சாத்தூரில் காராச்சேவு வாங்கியபோது பொட்டலம் மடித்துக் கொடுத்த அச்சுத் தாள் அது. மஞ்சளும் சிவப்புமாக ஒரு மனிதன் கையை விரித்துப் பறந்துகொண்டிருந்தான். சால்வை இருந்தது, கோவணமும் சொன்ன இடத்திலேயே இருந்தது. ஆனால் அவன் தோளிலிருந்து இரண்டு பக்கமும் கோழி றெக்கை. பின்னால் மூன்று வால் இறகு. தலைக்கு மேலே ஒரு குடை. தலையைச் சுற்றி மங்கலாக ஒரு வட்டம்.

“பறக்கும் மனிதனும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது கோழி வீரன்! இந்தா பாருங்க, சாமி படத்துல மாதிரி ஒளிவட்டங்கூட இருக்கு,” என்றார் சீனிவாசகம்.

மொக்கைச்சாமி தாளை ஒரு தடவைதான் பார்த்தார். பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு பணிவு வந்தது. அந்தப் பணிவைக் கண்டபோதே சீனிவாசகம் எழுந்து பஸ் ஏறியிருக்க வேண்டும்.

“அம்புட்டு நிச்சயமாவா சொல்றீக? அப்ப பந்தயம் வைப்பமா அண்ணாச்சி?”

“வைப்பமே!”

“நான் தோத்தா தலைகீழா அச்சான என் மயில் லேபிலைத் தாரேன். நீங்க தோத்தா யானைப் பயில்வான்.”

யானைப் பயில்வான் என்றதும் சீனிவாசகம் நீட்டிய கையை ஒரு கணம் பின்னுக்கு இழுத்தார். யானையைத் தோளில் தூக்கி நிற்கும் அந்தப் பயில்வான் ஒரே ஒரு சீசன்தான் வந்தான். ஆனால் ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே, அது கையை மறுபடியும் முன்னால் தள்ளிவிட்டது. கையடித்துக் கொடுத்தார். ஒச்சப்பன் வடையை விழுங்கிவிட்டு நிபந்தனையைச் சொன்னார்: “தீபாவளிக்கு வர்ற பாக்கெட்டுல றெக்கை ரெண்டு, வால் எறகு மூணு, கொடை ஒண்ணு.”

“ஒளிவட்டத்தையும் சேத்துக்கங்க,” என்றார் சீனிவாசகம். விதி அப்படிப் பேச வைத்தது.

அதற்குப் பிறகுதான் மொக்கைச்சாமி வாய்விட்டுச் சிரித்தார். “அண்ணாச்சி, இது வேஸ்ட் தாளு. மிஷின்ல புதுக் கலர் ஓட்டுறதுக்கு முந்தி, சரியா விழுதான்னு பாக்க நல்ல தாளையா போடுவாக? முன்னாடி அடிச்சு வீணாப்போன தாளுக மேலயே ஓட்டுவாக. அடியில கெடக்குறது கோழி மார்க் தீப்பெட்டி. கொடை, இன்னொரு லேபில்ல ஒரு பொம்பள பிடிச்ச கொடை. ஒளிவட்டம் ஒங்க சேவு எண்ணெய்!”

சீனிவாசகம் தாளை மூக்குக்கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்தார். “தெரிஞ்சேவா கட்டுனீக?” என்று மட்டும் கேட்டார்.

“பந்தயம்னா பந்தயந்தான்.” மொக்கைச்சாமி தாளை மடித்து மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

யானைப் பயில்வான் வெறும் லேபில் அல்ல. சீனிவாசகத்தின் தலை தீபாவளிக்கு மாமனார் வாங்கி வைத்திருந்த வெடிப் பாக்கெட்டின் படம். அடுத்த தீபாவளிக்கு மாமனார் இல்லை. அவர் போட்டோ எடுத்துக்கொண்டதும் இல்லை. மீசையும் தோளும் எங்க அய்யா மாதிரியே இருக்கு என்று சீனிவாசகத்தின் மனைவி வீரலட்சுமி ஒவ்வொரு தீபாவளிக் காலையிலும் எண்ணெய்க் குளியலுக்கு முன் அந்த நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்து பார்ப்பாள். அதைத்தான் மனுஷன் ஒரு வடைத் தட்டுக்கு முன்னால் வைத்துக் கையடித்துவிட்டு வந்திருந்தார்.

வீட்டில் சொல்லாமல் மறைக்கத் தெம்பு இல்லை. கையை விரித்துப் பறந்து காட்டி முழுவதையும் சொன்னார். வீரலட்சுமி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்தாள்.

“எங்க அய்யாவைப் பந்தயம் கட்டிட்டு வந்துருக்கீக.”

சீனிவாசகத்துக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாக வலித்தது. அவள் அழவில்லை. தாளை வாங்கி வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

“கம்பெனிக்காரவுக எந்த மார்க்கை அடிப்பாக?”

“கடைக்காரவுக எதைக் கேக்குறாகளோ, அதை.”

“கடைக்காரவுக எதைக் கேப்பாக?”

“நாம கேக்குறதை.”

“அம்புட்டுத்தானே,” என்று அவள் சேலையை மாற்றிக்கொள்ளப் போனாள்.

மறுநாளிலிருந்து விருதுநகர் கடைவீதியில் வீரலட்சுமி ஒரு கடை விடவில்லை. “கோழி வீரன் வெடி வந்துருச்சா? றெக்கை வச்சவன், கொடை பிடிச்சிருப்பான்.” இல்லை என்றால், “அச்சங்குளத்துல எல்லாம் வந்துருச்சுன்னாகளே!” என்று முகத்தைச் சுளித்து வெறுங்கையோடு திரும்புவாள். அச்சங்குளத்தில் அவள் தங்கை சண்முகத்தாய், விருதுநகரில் எல்லாம் வந்துவிட்டதாமே என்று கேட்டுக்கொண்டு திரிந்தாள். புரட்டாசி பாதிக்குள் சாத்தூர் வரைக்கும் கடைக்காரர்கள் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஏஜெண்டுகளின் ஆர்டர் புத்தகத்தில் கோழி வீரன் ஏறிவிட்டான், குடையோடு.

இவ்வளவும் போதுமோ போதாதோ, மெட்ராசிலிருந்து ஒரு கடிதம் வந்தது போதுமாகிவிட்டது. பறக்கும் மனிதன் மார்க்கை வேறொரு கம்பெனி ஏற்கெனவே பதிந்துவிட்டதாம். அய்யாதுரை தலையில் கை வைத்தார். ஆள் மஞ்சளிலும் சிவப்பிலும் அடித்து முடிந்து, தாள்கள் அச்சாபீசில் ஆளுயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. நீலமும் கறுப்பும்தான் பாக்கி. அந்த நேரத்தில் ஏஜெண்டு வந்து, “மொதலாளி, கோழி வீரன் கோழி வீரன்னு மார்க்கெட்டே கேக்குது. யாரு போடுறாகன்னுதான் தெரியல,” என்றான்.

“யாரும் போடலையா?” அய்யாதுரை கையைத் தலையிலிருந்து எடுத்தார். “அப்ப நாமதான் போடுறோம். கறுப்புல றெக்கை வை. நீலத்துல கொடை வை. வால் மறந்துராத!”

ஐப்பசி இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. பெஞ்சின் மேல் புத்தம் புதிய பாக்கெட்டு. றெக்கை இரண்டு இருந்தது. குடை இருந்தது. வால் இறகை மொக்கைச்சாமி மூன்று தடவை எண்ணினார். மூன்று தடவையும் மூன்றுதான். அவர் முகம் காற்றுப்போன டியூப் மாதிரி ஆனது. பிறகு திடீரென்று நிமிர்ந்தார்.

“ஒளிவட்டம்! ஒளிவட்டம் எங்கன இருக்கு? அண்ணாச்சி வாயாலயே சேத்தது!”

சீனிவாசகம் பார்த்தார். தலையைச் சுற்றி வெறும் ஆகாயம். அடுத்த வாரம் தீபாவளி. வீரலட்சுமி குளிக்கப்போகுமுன் முதல் பக்கத்தைத் திறப்பாள், அங்கே பசை காய்ந்த நாலு மூலைதான் இருக்கும் என்று நினைத்தபோது அவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

“இங்கன கொடுங்க,” என்றார் ஒச்சப்பன். அன்றைக்கு அவருக்கு மூன்றாவது வடை. பாக்கெட்டை வாங்கி, வீரனின் தலை மேல் கட்டைவிரலை அழுத்தி வைத்துக்கொண்டு நிதானமாக ஆராய்ந்தார். திருப்பி வைத்தபோது தலையைச் சுற்றி வட்டமாகப் பளபளத்தது.

“இந்தா இருக்குல்ல.”

“அது ஒங்க வடை எண்ணெய்!” என்று கத்தினார் மொக்கைச்சாமி.

“அன்னைக்கு அண்ணாச்சி கொண்டாந்த தாள்ல இருந்ததும் சேவு எண்ணெய்தான். எண்ணெய்னு தெரிஞ்சுதானே கையடிச்சீக? அப்ப எண்ணெய் போதும்.”

ஒச்சப்பன் ஒரே மூச்சில் இத்தனை பேசி யாரும் கேட்டதில்லை. காபிக் கடைக்காரரே அடுப்பை விட்டு எட்டிப் பார்த்தார். மொக்கைச்சாமி தலைகீழ் மயிலைக் கொண்டுவந்து கண் கலங்கக் கொடுத்தார். சீனிவாசகத்துக்கு இரக்கமெல்லாம் வரவில்லை. வாங்கி, கசங்காமல் பைக்குள் வைத்துக்கொண்டார்.

தீபாவளிக் காலையில் அவர் எழுந்தபோது வீரலட்சுமி நோட்டை விரித்து வைத்திருந்தாள். பக்கத்தில் பசைக் கிண்ணம். முதல் பக்கத்தில் யானையைத் தூக்கி நிற்கும் பயில்வானுக்குப் பக்கத்திலேயே, எண்ணெய்த் தலையோடு குடை பிடித்துப் பறந்துகொண்டிருந்தான் கோழி வீரன். அவள் அதன் ஓரத்தை விரலால் நீவிவிட்டாள்.

“எங்க அய்யாவுக்குப் பக்கத்துல, அன்னைக்குக் கையை விரிச்சுப் பறந்து காட்டுன ஒங்களையும் ஒட்டிட்டேன். இனிமே பந்தயம் கட்டுறதா இருந்தா ரெண்டு பேரையும் சேத்தே கட்டணும்.”